கொக்கி வைத்த கோடு

வலை தப்பான காலில் இருந்தது.

குளித்துவிட்டு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஐந்து மாத வயிற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு குனிந்து, கால் விரல்களுக்கிடையே ஈரம் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். வலது காலில் வலை இருப்பது புதிதல்ல. சலவைக்கூடத்தில் ரோலருக்கு வலப்பக்கம் காட்டி நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு. ஈரப் படுக்கை விரிப்புகளை வாய்க்குள் இழுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அந்தப் பக்கம் தள்ளுகிற அந்தப் பெரிய ஆவி உருளையின் சூடு ஒரே காலில் பட்டுப் பட்டு, தோலுக்கடியில் பழுப்பும் ஊதாவுமாக ஒரு பின்னல் விழுந்துவிடும். ரோலர் முத்திரை என்பார்கள். வேலைக்கு வந்த புதுப் பெண்ணின் காலில் அது விழுந்துவிட்டால், இவள் இனி ஓடமாட்டாள் என்று முதலாளி நிம்மதியாவார். அவளுக்கும் அந்த முத்திரையில் உள்ளூரப் பெருமை உண்டு.

ஆனால் இது இடது கால். ரோலரைத் திரும்பிக்கூடப் பார்க்காத கால்.

விரலால் அழுத்தினாள். வெளிறியது, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. பச்சைத் தண்ணீரில் குளித்ததால் இருக்கும் என்று போர்வைக்குள் காலை நுழைத்துச் சூடு பண்ணிப் பார்த்தாள். போகவில்லை. கணுக்காலில் தொடங்கி, கெண்டைக்காலில் ஏறி, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் வரைக்கும், ஒரு கண்ணிகூட விட்டுப்போகாமல் ஊதா நிறத்தில் பின்னியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"சரிதான் போ," என்று காலிடமே சொல்லிவிட்டு எழுந்து உடை மாற்றினாள்.

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய சொந்த அக்கா.

அன்று வேலைக்கு நடுவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியபோது, ரோலருக்கு அந்தப் பக்கம் நின்று விரிப்புகளை வாங்கி மடிக்கிற மடிப்பக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, இடது காலையும் ரோலருக்குக் குடுத்திட்டியா? சம்பளம் ஒண்ணுதான் தருவாங்க, தெரியுமில்ல."

"சுவத்துல பட்டுத் திரும்புற சூடுக்கா."

"அப்போ எனக்கு மூஞ்சியில வந்திருக்கணுமே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தோலில் வலை விழுந்தால் அது சூடுதான் என்று அந்த இடத்தில் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். வேறு வேலை செய்கிற ஒருத்தியாக இருந்திருந்தால் அன்றைக்கே பதறிப்போய் யாரிடமாவது காட்டியிருப்பாள். இவளுக்கு அது பழகிய விஷயம், அதனாலேயே கண்ணுக்கு எதிரில் இருந்ததைப் பார்க்கத் தவறினாள்.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானது. உருளை நின்ற பிறகும் அதன் வயிற்றுக்குள் ஆவி முனகிக்கொண்டிருந்தது. சுடுபருத்தியும் சவுக்காரமும் கலந்த வாடை, சொட்டுகிற குழாய், நனைந்த தரையில் அவளுடைய செருப்புச் சத்தம். மூலையில் அவளுடைய சொந்த அக்காவின் மேசை. அதன் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா போன பிறகு அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. துணி பார்க்கும் மேசை அது. துவைத்து வந்த விரிப்பைக் கண்ணாடிமேல் விரித்து, கீழிருந்து வருகிற வெளிச்சத்தில் அக்கா குனிந்து பார்ப்பாள். நல்ல துணி வெளிச்சத்தைப் பால்போல மறைக்கும். நைந்த துணியில் நூல்கள் விலகி, வலை தெரியும். வலை தெரிந்தால் துணி முடிந்தது. அக்கா அழியாத துணி மையில் பேனாவைத் தொட்டு, அதன்மேல் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் ஒரு சின்னக் கொக்கி போடுவாள். கொக்கி விழுந்த துணி கழித்த துணி. அதைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடுவார்கள். கொக்கி போடாத வரை முதலாளிகூடப் பேரம் பேசலாம், போட்ட பிறகு பேச்சே கிடையாது.

பேசியவள் இவள் ஒருத்திதான். கழித்த மூட்டையைக் கிளறி, கோடு விழாத நல்ல பகுதியை வெட்டியெடுத்துத் தலையணை உறை தைத்துவிடுவாள். "நான் முடிஞ்சுதுன்னு சொன்னத நீ ஏன்டி எடுக்கறே?" என்பாள் அக்கா. "நீ சொன்னா முடிஞ்சிடுமா?" என்பாள் இவள். "சண்டி, சண்டி" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது பிறக்கப்போகிற குழந்தைக்காக வீட்டில் மடித்து வைத்திருக்கிற துணிகள் எல்லாமே அப்படி மீட்டவைதான்.

இப்போது அவள் மேசை விளக்கை அணைத்தாள். கண்ணாடி சுட்டது, ரொம்ப நேரமாக எரிந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மறுபடி எரிந்தது.

"சுவிட்சு லூசு," என்றாள் மடிப்பக்கா.

அக்காவின் பேனாவும் மைப்புட்டியும் அவள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு தகர டப்பாவில் இருந்தன. வேறு யாரும் கேட்காததால் வந்த சொத்து. அன்று சாயங்காலம் அவள் அதை எடுத்தாள். தொடையில் வலை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில், சுற்றிலும் ஒரு கோடு இழுத்தாள். கொக்கி போடவில்லை. வெறும் எல்லைக்கோடு.

"இதத் தாண்டு, பாக்கலாம்," என்றாள்.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள எல்லாக் கட்டடங்களின் லிஃப்டையும் ஓடவைப்பவன், தன் வீட்டுக்கு மட்டும் படியேறி மூச்சு வாங்க வருவான். கோட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"யாருக்கும்மா எல்லை போட்டிருக்க?"

"உங்களுக்குத்தான்," என்றாள். அவன் சிரித்தான். அவள் பாவாடையை இறக்கிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவதைப் பற்றி அந்த வீட்டில் இருவருமே சத்தமாகப் பேசுவதில்லை.

வலை கோட்டைத் தாண்டியது.

ஒரே நாளில் அல்ல. முதலில் ஒரு கண்ணி மட்டும், எட்டிப் பார்க்கிற மாதிரி. அவள் அதற்கு மேலே இன்னொரு கோடு போட்டாள். அதையும் தாண்டியது. இன்னொன்று. துணி மை லேசில் போகாது, பழைய கோடுகள் அப்படியே இருந்தன, அவற்றின் மேலே வலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அரைத் தூக்கத்தில் துணி மையின் வாடை வந்தது, அந்தத் துருவும் புளிப்புமான வாடை. பிறகு ஒரு சத்தம். மெல்லிய முனை ஒன்று இறுக்கிப் பிடித்த துணியில் கீறிக்கொண்டு போகிற சத்தம். நின்றது. மையில் தொட்டுக்கொள்கிற அளவு நேரம். மறுபடி கீறியது.

கண்ணைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. இடது காலின் சுண்டுவிரல் நீலமாக இருந்தது. மை கொட்டிவிட்டதென்று நினைத்துத் தொட்டாள். ஊசி குத்தியதுபோல் வலித்தது.

அப்போதுதான் அதுவரை நினைக்கவே கூடாதென்று வைத்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் இவள்தான். நன்றாக இருந்த அக்கா, ஒரு நாள் கெண்டைக்கால் வலிக்கிறதென்று சொன்னாள், மறுநாள் மேசையிலேயே மூச்சுக்குத் தவித்துச் சாய்ந்தாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். அக்காவுக்கும் பிள்ளை தங்கவில்லை. குளிப்பாட்டும்போது இரண்டு தொடையிலும் இதே ஊதா வலை இருந்தது. ரோலர் முத்திரை என்று இவள் நினைத்துக்கொண்டாள், தண்ணீர் ஊற்றினாள், துடைத்தாள். அக்கா ஒரு நாள்கூட ரோலரில் நின்றதில்லை என்பது அப்போது ஏனோ தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. வலையின்மேல் ஒரு கோடு. கோட்டின் முனையில் கொக்கி.

மேசையில் பட்ட மையாக இருக்கும் என்று அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டாள். இப்போது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அக்கா தன்னைத் தானே குனிந்து பார்த்திருக்கிறாள். பார்த்து, முடிவு கட்டி, ஒருவரிடமும் சொல்லாமல், தன்னையே கழித்திருக்கிறாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். "நான் உன்ன மாதிரி இல்ல," என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் நடுவயதுப் பெண், அதிகம் பேசாதவர். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கால்ல இருக்கறது சூடு. சூடு பட்ட பக்கம் மட்டுந்தான் வரும், பழுப்பா இருக்கும். அந்தக் கால்ல இருக்கறது வேற. உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்ல ஓட்டம் தடைபடுது. தோல் வெளிய காட்டிக் குடுக்குது."

"காட்டிக் குடுக்குதுன்னா?"

"உங்க ரத்தம் தேவையில்லாத இடத்துல உறையுதோன்னு சந்தேகமா இருக்கு. ரெண்டு தடவ கலைஞ்சது, உங்க அக்கா விஷயம், இந்த நீல விரல், எல்லாம் சேந்து வருது. இன்னிக்கே ரத்தம் குடுங்க. பன்னெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், ஊசிய ஆரம்பிச்சிடுவோம்." பிறகு தொடைக் கோடுகளைப் பார்த்தார். "இது யாரு போட்டது?"

"நான்தான்."

"நல்ல வேல செஞ்சீங்க. எவ்வளவு வேகமாப் பரவுதுன்னு தெரியுது."

"குழந்த நிக்குமா டாக்டர்?"

"நிக்க வைக்கப் பாப்போம். நிறையப் பேருக்கு நின்னிருக்கு. வலை முழுசாப் போகும்னு எதிர்பாக்காதீங்க. அது இருந்துட்டுப் போகட்டும். உறையாமப் பாத்துக்கறதுதான் முக்கியம். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே வந்துடணும்."

ஊசியைத் தினமும் வயிற்றில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் கணவன் போடுகிறேன் என்று வந்தான், முகம் வெளுத்தது, அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே போட்டுக்கொண்டாள். "லிஃப்டுக்குள்ள தொங்குறவரு, இத்தனூண்டு ஊசிக்கு விழுந்துட்டாரு," என்று மடிப்பக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். வயிற்றில் சின்னச் சின்ன ரத்தக்கட்டுகள் புள்ளி வைத்தன. சுண்டுவிரல் மெல்ல மெல்லச் சிவந்து, பிறகு தன் நிறத்துக்கு வந்தது. வலை கடைசியாகப் போட்ட கோட்டில் வந்து நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாள். நின்ற இடத்தில் நிற்கும். வயிற்றுக்குள் குழந்தை உதைக்கத் தொடங்கியிருந்தது, நல்ல பலமான உதை, சண்டியின் பிள்ளை வேறு எப்படி உதைக்கும். அவளுக்குத் தைரியம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, மீட்ட துணிகளை எடுத்து வெளியே அடுக்கி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

ஒரு சாயங்காலம். மழை பெய்து விட்டிருந்தது, ஜன்னலில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது, அடுத்த அறையில் கணவன் ரேடியோவைத் திருகி ஏதோ தேடிக்கொண்டிருந்தான். அவள் குளித்துவிட்டு, பாவாடையை இடுப்பில் முடிந்துகொண்டு, மேலே துண்டு போர்த்தி அலமாரிக் கண்ணாடியின் முன் நின்றாள். முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, கை எட்டாத இடத்தில் ஒரு அரிப்பு. கைக்கண்ணாடியை எடுத்து, பெரிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் துண்டை நழுவவிட்டாள்.

முதுகு முழுக்க வலை.

காலில் நின்றுவிட்டதென்று அவள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அது அவள் பார்க்காத பக்கம் வழியாக வந்திருந்தது. இடுப்பிலிருந்து தோள் வரை, கண்ணிக்குக் கண்ணி, வெளிச்சத்தில் பிடித்த பழைய விரிப்புபோல. வலையின்மேல் நேராக ஒரு கோடு. கறுப்பு. ஈரம் காய்ந்த பளபளப்பு.

முனையில் கொக்கி.

கைக்கண்ணாடியை இறுக்கிப் பிடித்தாள். கணவனுக்கு அந்தக் கொக்கி தெரியாது. அவள் கை அங்கே எட்டாது. அந்தக் கொக்கியின் வளைவை, கடைசியில் கொஞ்சம் அழுத்தி நிறுத்துகிற அந்த அழுத்தத்தை, ஆயிரம் விரிப்புகளில் அவள் பார்த்திருக்கிறாள்.

நாளை விடிந்ததும் டாக்டரிடம் போக வேண்டும். இப்போதே போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். பயம் வழக்கம்போல் கோபமாக மாறியது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "சமையக்கட்டு அலமாரியில தகர டப்பா இருக்கு பாருங்க. அந்தப் பேனாவ எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"முதுகுல ஒரு கோடு இருக்கு. அதுக்குக் குறுக்க ஒரு கோடு போட்டு அடிக்கணும். சீக்கிரம் வாங்க."

ரேடியோ நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவள் கைக்கண்ணாடியை வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, தலையைக் குனிந்து நின்றாள். அக்காவின் கோட்டை இதுவரை ஒருவரும் அடித்ததில்லை. அடித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளலாம்.

பின்னால் மை வாடை வந்தது. பேனா முனை முதுகில் பட்டது. சில்லென்று.

"ஆங், அங்கதான். குறுக்க அடிங்க."

முனை நகர்ந்தது. குறுக்கே போகவில்லை. கீழே போனது. நிதானமாக, அவசரமே இல்லாமல், முதுகெலும்பின் ஓரமாக இறங்கி, விலாப்பக்கம் திரும்பியது.

"அங்க இல்லங்க. மேல."

கீறுகிற சத்தம். நின்றது. தொட்டுக்கொண்டது. மறுபடி கீறியது.

"என்னம்மா, டப்பாவுல பேனாவே இல்லையே," என்று சமையலறையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "எங்க வச்ச?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் சுடுபருத்தியும் சவுக்காரமும் நிறைந்திருந்தன. பின்கழுத்தில் ஆவியின் ஈரம். யாரோ மேசைமேல் குனிந்து, கூர்ந்து பார்க்கும்போது விடுகிற மூச்சு.

கோடு விலாவைச் சுற்றி முன்னால் வந்தது. இப்போது அவளால் பார்க்க முடிந்தது. கை இல்லை. பேனா இல்லை. கறுப்பு மட்டும் ஈரமாக, ஒரு நூல் ஒரு நூலாக, தோலின்மேல் நீண்டுகொண்டிருந்தது. ஊசிப் புள்ளிகளுக்கு நடுவே. வயிற்றை நோக்கி.

வயிறு வெளுத்தது. உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. அடியில் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். இழுத்துப் பிடித்த தோலில் வலை தெரிந்தது, வலைக்குப் பின்னால், சுருண்டு படுத்திருந்த ஒரு சின்ன நிழல் தெரிந்தது. நிழல் அசைந்தது. உதைத்தது.

உதைத்த இடத்தின்மேல் அவள் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"இது உன் மேச இல்லக்கா," என்றாள். குரல் நடுங்கவில்லை. "எடு கைய."

கோடு அவள் விரல் நுனிவரை வந்தது. நின்றது. காத்திருந்தது.

"நீ சொன்னா முடிஞ்சிடுமா?"

மையில் தொட்டுக்கொள்கிற அளவு நேரம். பிறகு அது விரலில் ஏறியது. சில்லென்று, நகத்தின்மேல், கணுவின்மேல், புறங்கையின்மேல். அவள் கையை எடுக்கவில்லை. கோடு போன வழியெல்லாம் தோலில் ஊதா வலை விரிந்தது. விரல்கள் மரத்தன. நீலமாயின. அவள் எடுக்கவில்லை. கைக்கு அடியில் குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, யார்கிட்ட பேசற?" கணவனின் காலடி நடைவழியில் கேட்டது.

கோடு மணிக்கட்டில் நின்றிருந்தது. முனை அழுந்தியிருந்தது. கொக்கி இன்னும் போடவில்லை.